திங்கட்கிழமைத் தண்ணீர்

என் முனைவர் பட்ட ஆய்வில் 14 மாதங்கள் ஒரு குழாயடியில் வீணாகப் போயின. இழந்தது நாட்களை மட்டுமல்ல. உதவித்தொகை நின்ற பிறகு 7 மாதங்கள் அக்காவிடம் கடன் வாங்கித்தான் ஓட்டினேன். அந்தக் கடன் இன்னும் பாக்கி இருக்கிறது. ஆயிரக்கணக்கான மீன் கருக்களை எந்தப் பயனும் இல்லாமல் அழித்திருக்கிறேன் என்பது அதைவிடக் கனமாக நெஞ்சில் கிடக்கிறது. இதில் எந்தத் தவறும் அபூர்வமானதல்ல. முதல் வருடத்தில் யாராவது என்னை உட்காரவைத்து அரை மணி நேரம் சொல்லியிருந்தால் அத்தனையும் மிஞ்சியிருக்கும். அதனால்தான் நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

என் கேள்வி இதுதான். பூச்சிக்கொல்லி ஒன்று மண்ணில் சிதையும்போது உண்டாகும் ஒரு வேதிப்பொருள் குடிநீரில் கலந்தால் வளரும் கருவை அது பாதிக்குமா? மனிதரிடம் இதைச் சோதிக்க முடியாது. எலியில் சோதிக்க நாளும் உயிரும் அதிகம் வேண்டும். அதனால் ஜீப்ரா மீனை எடுத்துக்கொண்டேன். மனித மரபணுக்களில் ஏறத்தாழ 70 சதவீதத்துக்கு இந்த மீனில் இணை இருக்கிறது என்று 2013-ல் வெளியான இதன் மரபணுத் தொகுதி ஆய்வு காட்டியது. முட்டையோ கண்ணாடி மணி போன்றது. ஒரு மில்லிமீட்டர் அளவுதான் இருக்கும். ஒரே நாளில் இதயம் துடிக்கத் தொடங்குவதை நுண்ணோக்கியில் நேராகப் பார்க்கலாம். இரண்டாம் நாளுக்கும் மூன்றாம் நாளுக்கும் இடையில் குஞ்சு உறையைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிடும். இதற்கென்று 2013-ல் ஏற்கப்பட்ட சர்வதேச வழிகாட்டி ஒன்று இருக்கிறது. ஓஇசிடி என்ற பன்னாட்டு அமைப்பு வெளியிட்டது, ஓஇசிடி 236 என்பார்கள். செறிவு ஒன்றுக்கு 20 கருக்கள், 96 மணி நேரம், 26 டிகிரி வெப்பம். எந்த வேதிப்பொருளும் சேர்க்காத ஒப்பீட்டுத் தட்டில், அதாவது நாங்கள் கண்ட்ரோல் என்று சொல்வதில், 90 சதவீதமாவது உயிரோடிருக்க வேண்டும், 80 சதவீதமாவது பொரிந்திருக்க வேண்டும். இல்லையென்றால் அந்தச் சோதனை செல்லாது.

முதல் ஐந்து மாதங்கள் கனவு போல் போயின. ஞாயிறு மாலை மீன்களைச் சேர்த்துவிடுவேன். திங்கள் காலை விளக்கு எரிந்ததும் முட்டையிடும். கட்டடம் ஆளில்லாமல் அமைதியாக இருக்கும் அந்த நேரத்தில் நான்தான் முதலில் உள்ளே நுழைவேன். ஆறு பிளாஸ்க்குகளை வரிசையாக வைத்து ஒவ்வொன்றிலும் இரண்டு லிட்டர் பிடிப்பேன். நான்கு நாளும் தட்டுகளில் தண்ணீர் மாற்ற அது வேண்டும். அதிகச் செறிவுக் கரைசல் கரைய நேரமெடுக்கும் என்பதால் அதற்கு முதலில், பிறகு அடுத்த செறிவு என்று இறங்கிவந்து கண்ட்ரோலுக்குக் கடைசியில் பிடிப்பேன். தண்ணீர் கரி வடிகட்டி வழியாக வருவது. குளோரின் இல்லை என்று தினமும் சோதித்து எழுதிவைப்பேன். முடிவுகள் அவ்வளவு அழகாக வந்தன. அதிகச் செறிவில் குஞ்சுகள் பொரியவே இல்லை. இதயம் துடித்தபடி, வால் மடங்கி, உறைக்குள்ளேயே சுருண்டு கிடந்தன. செறிவு குறையக் குறையப் பொரிவது கூடியது. கண்ட்ரோலில் எல்லாம் நீந்தின. எட்டு திங்கட்கிழமைகளிலும் இதே வரைபடம்தான். நெறியாளர் மகிழ்ந்தார். ஒரு மாநாட்டில் சுவரொட்டி வைத்தேன். கட்டுரையின் முதல் வரைவை எழுதி முடித்த இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

கட்டுரைக்கு இன்னும் மூன்று முறை செய்து சேர்க்கலாம் என்று தொடங்கியபோதுதான் எல்லாம் சரிந்தது. அந்த வாரங்களில் கருக்களை ஒரே வெப்பத்தில் வைக்கும் பெட்டியான இன்குபேட்டர் வேறொருவருக்குத் தேவைப்பட்டதால் என் சோதனைகளைப் புதன்கிழமைக்கு மாற்றியிருந்தேன். புதனில் எந்தச் செறிவிலும் எதுவும் நடக்கவில்லை. அத்தனை குஞ்சுகளும் மூன்றாம் நாள் வெளியே வந்து நீந்தின. வேதிப்பொருள் கெட்டுவிட்டதோ என்று புதிதாக வாங்கினோம். அது வந்து சேரவே ஆறு வாரங்கள். புதியதும் வேலை செய்யவில்லை. வெப்பமானியைச் சந்தேகித்தேன், மீன்களின் வயதைச் சந்தேகித்தேன், கடைசியில் என் கையையே சந்தேகித்தேன். நான்கு மாதங்கள் இப்படியே ஓடின. நெறியாளர் ஒன்றும் கடிந்து சொல்லவில்லை. "இன்னும் ஒரு முறை பாருங்கள்" என்று மட்டும் சொல்வார். அதைக் கேட்கும்போதெல்லாம் நான் பொய் சொல்லிவிட்டவள் போல் கூனிக்குறுகுவேன். யாரிடமும் பேசவில்லை. அதுதான் நான் செய்த பெரிய தவறு என்று இப்போது நினைக்கிறேன். ஒரு முடிவு திரும்ப வரவில்லையென்றால் இரண்டாவது வாரமே பக்கத்து ஆய்வகத்தில் போய்ச் சொல்லிவிடுங்கள். அவர்களும் அதே குழாயில்தான் தண்ணீர் பிடிக்கிறார்கள்.

இன்குபேட்டர் திரும்பக் கிடைத்ததும் பழையபடி திங்கட்கிழமைக்கு வந்தேன். இதற்குள் ஓர் ஒழுங்கு கற்றிருந்தேன்: கரைசல்களைக் குறைந்த செறிவிலிருந்து கூடிய செறிவுக்குப் போகிற வரிசையில் தயாரிக்க வேண்டும், அப்போதுதான் கரைசலை அளந்து எடுக்கும் பிப்பெட்டில் ஒட்டியது சுத்தமானதில் கலக்காது. அதனால் கண்ட்ரோலுக்கு முதலில் பிடித்தேன், அதிகச் செறிவுக்குக் கடைசியில். மூன்றாம் நாள் பார்த்தால் கண்ட்ரோலில் 20-க்கு 6 மட்டும் பொரிந்திருந்தது. வழிகாட்டியின்படி சோதனை செல்லாது. மற்றத் தட்டுகளைச் சரியாகப் பார்க்காமலே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். நோட்டுப் புத்தகத்தில் அந்தப் பக்கத்தின் குறுக்கே ஒரு கோடு போட்டு "கண்ட்ரோல் தோல்வி" என்று எழுதினேன். அடுத்த திங்களும் அப்படியே. அதற்கடுத்த திங்களும். மூன்று முறை கொட்டினேன், மூன்று முறை கோடு போட்டேன்.

அந்த நாட்களில் ஒரு வரலாறு கண்ணில் பட்டது. 1998-ல் அமெரிக்காவில் பட்ரீசியா ஹன்ட் என்ற மரபியலாளரின் ஆய்வகத்தில், எந்தச் சிகிச்சையும் பெறாத கண்ட்ரோல் எலிகளின் கருமுட்டைகளில் திடீரென்று குரோமோசோம் கோளாறுகள் பெருகின. அவர் அதைத் தள்ளிவிடவில்லை, துருவிப் போனார். கூண்டுகளையும் தண்ணீர் பாட்டில்களையும் யாரோ தவறான, காரம் மிகுந்த சோப்புக் கரைசலில் கழுவியிருந்தார்கள். அது பாலிகார்பனேட் பிளாஸ்டிக்கை அரித்து, பிஸ்பினால்-ஏ என்ற பொருளைக் கசியவிட்டிருந்தது. 2003-ல் அந்த ஆய்வு வெளிவந்தது. குழந்தைகளின் பால்புட்டி வரை அந்தப் பிளாஸ்டிக்கைப் பற்றிய கேள்விகள் வலுத்ததில் அதற்குப் பெரிய பங்கு இருக்கிறது. படித்து முடித்ததும் என் நோட்டுப் புத்தகத்தை எடுத்து, கோடு போட்ட பக்கங்களைத் திரும்பப் பார்த்தேன். கொட்டுவதற்கு முன் மற்றத் தட்டுகளின் எண்களையும் பென்சிலில் கிறுக்கி வைத்திருந்தேன், நல்ல வேளை. கண்ட்ரோலில் 6, அடுத்ததில் 9, அடுத்ததில் 14, பிறகு 17, கடைசி இரண்டிலும் 19. அதிகச் செறிவில்தான் அதிகம் பொரிந்திருந்தது. என் அழகான வரைபடம் அப்படியே தலைகீழாக நின்றது. பொரிவது செறிவைப் பொறுத்து மாறவில்லை. எந்த பிளாஸ்க் குழாயடியில் முதலில் நின்றது என்பதைப் பொறுத்து மாறியிருக்கிறது. கை நடுங்கியது. அழுதேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை.

கெட்டுப்போன கண்ட்ரோலைத் தூக்கிப் போடாதீர்கள். சோதனை செல்லாது என்பது கட்டுரைக்கான விதி, உங்கள் மூளைக்கானது அல்ல. என்ன கிழமை, எத்தனை மணி, யார் பிடித்த தண்ணீர், எந்த வரிசை என்பதை எல்லாச் சோதனைக்கும் எழுதிவையுங்கள். தோற்றதற்கு இன்னும் விரிவாக எழுதுங்கள்.

தண்ணீரில்தான் ஏதோ இருக்கிறது என்று தெரிந்ததும் ஒரு பரிசோதனைக்கூடத்துக்கு மாதிரி அனுப்பினேன். இங்கே மறுபடியும் சறுக்கினேன். குழாயை ஐந்து நிமிடம் நன்றாகத் திறந்துவிட்டு, பிறகு ஒரு சாதாரண பிளாஸ்டிக் பாட்டிலில் பிடித்து அனுப்பினேன். அப்படித்தான் படித்திருந்தேன். ஆனால் அது பாக்டீரியா பரிசோதனைக்கான முறை. கிருமி சோதனைக்குக் குழாய் வாயைச் சுத்தம் செய்து, ஓடவிட்டு, கிருமி நீக்கிய பாட்டிலில் பிடிக்க வேண்டும். குளோரின் கலந்த நீராக இருந்தால் அந்தப் பாட்டிலில் சோடியம் தயோசல்பேட் சிறிது இருக்க வேண்டும். இல்லையென்றால் வழியிலேயே குளோரின் கிருமிகளைக் கொன்றுவிடும், தண்ணீர் சுத்தம் என்று பொய்யான முடிவு வரும். குழாயிலிருந்து கரையும் உலோகத்தைத் தேடுகிறவர்கள் செய்ய வேண்டியது இதற்கு நேர் எதிர். இரவு முழுவதும், குறைந்தது ஆறு மணி நேரமாவது, தொடாமல் நின்ற நீரின் முதல் பாய்ச்சலையே பிடிக்க வேண்டும், ஒரு சொட்டும் வீணாக்காமல். நைட்ரிக் அமிலம் சேர்த்து, அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவை 2-க்குக் கீழே வைக்க வேண்டும். இல்லையென்றால் உலோகம் பாட்டில் சுவரில் ஒட்டிக்கொண்டு கணக்கில் வராமல் போகும். எனக்கு வந்த அறிக்கையில் செம்புக்கு நேரே "கண்டறியப்படவில்லை" என்றிருந்தது. கீழே "குடிக்க உகந்தது" என்று முத்திரை. அந்தத் தாளை நம்பி இன்னும் ஐந்து வாரங்கள் வேறு திசையில் தேடினேன். ஓர் இரவு அதே தாளின் அடியில் பொடி எழுத்தில் இருந்ததைப் படித்தேன்: அந்தக் கருவி காணக்கூடிய மிகக் குறைந்த செம்பு அளவு லிட்டருக்கு 50 மைக்ரோகிராம். அதற்குக் கீழே எது இருந்தாலும் அது "கண்டறியப்படவில்லை"தான். கண்டறியப்படவில்லை என்பதும் இல்லை என்பதும் ஒன்றல்ல. மாதிரி கொடுக்கும் முன்பே கண்டறியும் எல்லை எவ்வளவு என்று கேளுங்கள். உங்கள் கேள்விக்கு எவ்வளவு நுட்பம் வேண்டும் என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும், அவர்களாகச் சொல்ல மாட்டார்கள்.

அறிக்கைக்காகக் காத்திருக்காமல் நானே செய்திருக்கக்கூடிய சோதனை ஒன்று இருந்தது. நச்சு எது என்று தெரியாத நீரைச் சில சிறு கிண்ணங்களாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஒன்றில் ஈடிடிஏ சேர்த்தால் அது செம்பு, ஈயம் போன்ற உலோகங்களைப் பிடித்து முடக்கிவிடும். இன்னொன்றில் தயோசல்பேட் சேர்த்தால் குளோரின் போய்விடும். மற்றொன்றைச் செயலூட்டிய கரியில் வடிகட்டினால் கரிமப் பொருட்கள் பெரும்பாலும் போய்விடும். எந்தக் கிண்ணத்தில் கருக்கள் பிழைக்கின்றனவோ அங்கே விடை இருக்கிறது. கடைசியில், அடுத்த திங்கட்கிழமை காலை குழாயின் முதல் பாய்ச்சல் நீரில் இதைச் செய்தேன். மூன்றாம் நாள் காலை நுண்ணோக்கியில் ஈடிடிஏ கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு குஞ்சு உறைக்குள் புரண்டது, நின்றது, மறுபடி புரண்டது. தலைப்பக்கம் உறை மெல்லக் குழிந்து, கிழிந்து, உடம்பு வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. பக்கத்துக் கிண்ணத்தில் அதே வயதுக் குஞ்சு இதயம் துடிக்கத் துடிக்க உள்ளேயே கிடந்தது. பல மாதங்களுக்குப் பிறகு அன்றுதான் எனக்கு மூச்சு விட முடிந்தது.

பராமரிப்புப் பிரிவில் போய்க் கேட்டேன். "மேடம், உங்கள் மாடிக்குப் போன வருட விடுமுறையில்தான் புதுச் செம்புக் குழாய் போட்டோம். பித்தளை வால்வும் புதுசு. ஏன், தண்ணீர் வரவில்லையா?" என்றார் அங்கிருந்த பெரியவர். எங்கள் யாருக்கும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. புதுச் செம்புக் குழாயின் உள்ளே பாதுகாப்புப் படலம் படிய நாளாகும். அதுவரை செம்பு அதிகம் கரையும். தண்ணீர் தாதுக்கள் குறைந்து அரிக்கும் தன்மையுள்ள மென்னீராக இருந்தால் இன்னும் மோசம். எங்கள் நீர் மென்னீர். சனி, ஞாயிறு இரண்டு நாளும் குழாயில் தேங்கி நின்றதைத்தான் திங்கள் காலை நான் பிளாஸ்க்கில் பிடித்திருக்கிறேன். புதன்கிழமைக்குள் பத்துப் பேர் பிடித்து ஓடவிட்டிருப்பார்கள். வளர்ப்புத் தொட்டிகளில் தினமும் பத்தில் ஒரு பங்கு நீர்தான் மாற்றுவோம். அதனால் தாய் மீன்கள் நலமாக இருந்தன, சந்தேகம் வரவில்லை. இந்த முறை நுட்பமான கருவி உள்ள வேறொரு கூடத்துக்கு முறைப்படி மாதிரி எடுத்து அனுப்பினேன். முதல் பாய்ச்சலில் செம்பு 140 மைக்ரோகிராம், ஐந்து நிமிடம் ஓடியபின் 6.

குடிநீரில் செம்புக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் அளவு லிட்டருக்கு 2 மில்லிகிராம், அதாவது 2000 மைக்ரோகிராம். எங்கள் நீர் அதற்கு எவ்வளவோ கீழே. நாம் குடிக்கிற செம்பைக் கல்லீரல் கணக்குப் பார்த்து, மிஞ்சியதைப் பித்தத்தோடு வெளியே அனுப்பிவிடுகிறது. மீனுக்கு அந்த வசதி போதாது. நீர் அதன் செவுள்களையும், செவுள் வளராத கருவில் தோலையும், சதா உரசிக்கொண்டே இருக்கிறது. செம்பு அங்கே உட்கார்ந்து சோடியத்தை உள்ளே எடுக்கும் வேலையைக் கெடுக்கிறது. கடின நீரில் உள்ள கால்சியம் அந்த இடத்துக்குப் போட்டியிட்டுக் காப்பாற்றும். மென்னீரில் அந்தக் காவலும் இல்லை. மனிதருக்கு உகந்தது என்ற முத்திரை மீனுக்கும் பொருந்தும் என்று நான் எண்ணியது அறியாமை. விலங்குகளோடு வேலை செய்கிறவர்கள் அந்தந்த உயிருக்குரிய அளவைத் தேடிப் பார்க்க வேண்டும். தாது நீக்கிய நீரும் நேரடியாக ஆகாது. தேவையான உப்புகளை அளந்து சேர்த்தால்தான் கரு வளரும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், புள்ளியியல் தெரிந்தவர்கள் முதலில் கேட்பது அதுதான். ஒரு செறிவுக்கு 20 கருக்கள், எனவே 20 தனித்தனிச் சான்றுகள் என்று நினைத்திருந்தேன். அந்த 20-ம் ஒரே பிளாஸ்க் தண்ணீரைக் குடித்தவை. தண்ணீர் கெட்டால் 20-ம் ஒன்றாகக் கெடும். ஆக என் கையில் இருந்தது ஒரு சான்றுதான். இந்தப் போலிப் பெருக்கத்தைப் பற்றி ஹர்ல்பர்ட் என்ற சூழலியலாளர் 1984-லேயே எச்சரித்து எழுதியிருக்கிறார். இப்போது நான் எல்லா நீரையும் ஒரே பெரிய கலனில் பிடித்து, கலக்கி, அதிலிருந்துதான் எல்லாப் பிளாஸ்க்குக்கும் எடுக்கிறேன். பிளாஸ்க் வரிசையைச் சீட்டுக் குலுக்கி முடிவுசெய்கிறேன். எந்தத் தட்டு எந்தச் செறிவு என்று தெரியாத ஒருவர் எண்ணுகிறார். ஒவ்வொரு முறையும் வேறு கிழமை. இதற்கு ஒரு நாளைக்கு 20 நிமிடம் கூடுதலாக ஆகிறது, அவ்வளவுதான்.

மாநாட்டுக்கு எழுதி, என் சுவரொட்டியின் சுருக்கத்தைத் திரும்பப் பெற்றேன். நெறியாளரிடம் சொல்லப் போன காலை வயிறு பிசைந்தது. அவர் நான் கோடு போட்ட மூன்று பக்கங்களையும் பார்த்துவிட்டு, கட்டுரையை அனுப்புவதற்கு முன் கண்டுபிடித்தாயே என்றார். முறையாகத் திரும்பச் செய்ததில் அந்த வேதிப்பொருள் நான் சோதித்த எந்தச் செறிவிலும் பொரிவதைத் தடுக்கவில்லை. குடிநீரில் ஆபத்தில்லாத ஒன்றை ஆபத்து என்று ஊருக்குச் சொல்லியிருப்பேன். நிஜமான ஆபத்து எங்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்திருக்கிறது.

ஏனென்றால் செம்போடு ஈயத்தையும் பார்க்கச் சொல்லியிருந்தேன். பித்தளையில் ஈயம் கலந்திருப்பது வழக்கம். முதல் பாய்ச்சலில் ஈயம் 17 மைக்ரோகிராம் இருந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் தற்காலிக அளவு 10. குழந்தைகளுக்குப் பாதுகாப்பான ஈய அளவு என்று ஒன்று இல்லவே இல்லை. அது நஞ்சுக்கொடியையும் தாண்டும். எங்கள் மாடியில் கருவுற்றிருந்த சக ஆய்வாளர் ஒருவர் இருந்தார். எனக்கு அடுத்தபடியாகக் காலையில் வருபவர் அவர்தான். வந்ததும் அந்தக் குழாயில் பாட்டிலை நிரப்பிக்கொள்வார். பல திங்கட்கிழமைகளில் என் பின்னால் நின்று, "முடிந்ததா?" என்று கேட்டு நிரப்பியிருக்கிறார். அறிக்கை வந்த அன்று ஓடிப்போய்ச் சொன்னேன். "கொதிக்கவைத்துத்தானே குடிக்கிறேன்?" என்றார். கொதிக்கவைத்தால் கிருமி சாகும், ஈயம் போகாது. நீர் ஆவியாகக் குறைந்து ஈயம் இன்னும் அடர்த்தியாகும் என்று சொல்லும்போது என் குரல் எனக்கே கேட்கவில்லை. அன்றே மருத்துவரிடம் போய் ரத்தத்தில் ஈயம் பார்த்தார். கவலைப்படும் அளவில் இல்லை என்று வந்தது.

உங்கள் வீட்டிலோ அலுவலகத்திலோ குழாயோ வால்வோ புதிதாக மாற்றியிருந்தால், நீர் இரவெல்லாம் நின்றிருந்தால், காலையில் குடிக்கும் முன் சில நிமிடங்கள் ஓடவிடுங்கள். அந்த நீரைத் துடைக்கவும் கழுவவும் வைத்துக்கொள்ளலாம். குடிக்கவும் சமைக்கவும் வெந்நீர்க் குழாயில் பிடிக்காதீர்கள், சூடான நீர் உலோகத்தை அதிகம் கரைக்கும். கைக்குழந்தை இருக்கும் வீடானால் முதல் பாய்ச்சல் நீரை ஒருமுறையாவது ஈயத்துக்குச் சோதித்துவிடுங்கள்.

ஈயமில்லாத வால்வு போட மூன்று முறை எழுதிக்கொடுக்க வேண்டியிருந்தது. போட்ட பிறகு தொடர்ந்து நான்கு திங்கட்கிழமைகள் முதல் பாய்ச்சலைச் சோதித்தேன். நான்காவது வாரம் ஈயம் 1-க்குக் கீழே இறங்கிவிட்டது. அந்த அறிக்கையைக் குழாய்க்கு மேலே ஒட்டியிருக்கிறேன். அந்தச் சக ஆய்வாளர் இன்னும் வீட்டிலிருந்துதான் தண்ணீர் கொண்டுவருகிறார்.